கால்சியத்தைக் குறைக்கச் சொன்னவன்

அண்ணியின் வலது கைவிரல்கள் ஒன்றாகக் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, பிரிய மறுத்து நின்றன. வேலூரில் தைராய்டு கட்டியை எடுத்துவிட்டு ஆம்பூர் வீட்டுக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "இன்னா தம்பி, கை இப்டி இழுத்துக்குது? உதட்டுல வேற எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றார். வெந்நீர் வைத்துத் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பிரிந்தன.

நான் அப்போது உயிர்வேதியியல் முதுகலை மாணவன். தசை எப்படிச் சுருங்குகிறது என்ற பாடம் அந்த வாரம்தான் முடிந்திருந்தது. தசைக்குள் இரண்டு வகை இழைகள். ஒன்று இன்னொன்றைப் பற்றி இழுத்தால்தான் தசை சுருங்கும். பற்ற வேண்டிய இடத்தை ஒரு புரதம் மூடிக்கொண்டிருக்கும். கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டியதும் அந்த மூடி விலகும். கால்சியம் அகன்றால் தசை தளரும். அடடா, எவ்வளவு அழகான பாடம்! அண்ணியின் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். கால்சியம், மூன்று வேளை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "கால்சியம் ஜாஸ்தி ஆயிடுச்சு அண்ணி, அதான் இழுக்குது. ராத்திரி ஒண்ணு மட்டும் போடுங்க, போதும்" என்றேன்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். படித்தது போதும் என்று அண்ணன் சொன்னபோது, என்னை மேலே படிக்க வைக்க மல்லுக்கு நின்றவர் அண்ணி. நான் ஒன்று சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. அதற்குப் பிறகும் கை இழுப்பு நிற்கவில்லை. "போகப் போகச் சரியாயிடும்" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன், பெரிய மேதாவி மாதிரி.

நான் புரட்டாமல் விட்டது அடுத்த பாடம். தசை சுருங்கத் தேவையான கால்சியம் தசைக்குள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கால்சியத்துக்கு வேறு வேலையும் உண்டு. நரம்புகளை அடக்கி வைப்பது அதுதான். அது குறைந்தால் நரம்புகள் காரணமில்லாமல் தசையை ஏவிவிடும். தசையும் தன் சேமிப்பைத் திறந்து சுருங்கிக்கொள்ளும். தைராய்டை அறுக்கும்போது, ரத்தத்தில் கால்சியத்தைக் குறையாமல் காக்கும் பக்கத்துச் சிறு சுரப்பிகளும் அடிபடும்; அதை ஈடுகட்டத்தான் அந்த மாத்திரை. அண்ணியின் கை இழுத்தது கால்சியம் கூடியதால் அல்ல, போதாததால். இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கியவன் நான்.

அடுத்த வாரம் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பினார். மூன்றாம் நாள், ஷூவின் மேல்தோல் தைக்கும் மெஷின் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை யாரும்மா கம்மி பண்ணச் சொன்னது?" என்று கத்தினார். என் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். அண்ணி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "நானேதான் சார். வயிறு ஒரே பேஜாரா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வலிப்பு வந்தவரை மறுபடி மெஷினில் உட்காரவைக்கக் கம்பெனி சம்மதிக்கவில்லை. அந்த லைனிலேயே வேகமான கை அவருடையது. அன்றிலிருந்து இன்றுவரை பிசிறு நூல் வெட்டும் மேஜையில் நிற்கிறார். நான் கல்லூரியில் தசைப் பாடம் நடத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் புது மருமகனுக்கு விருந்து. அண்ணன் வழக்கமான புராணத்தை ஆரம்பித்தார். "உங்க மாமியா ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆயிருப்பா. திமிரு, தானா நிறுத்திட்டா." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "அண்ணா, அது வந்து..." என்றேன்.

"தம்பிக்குக் கறியே வைக்கலியே" என்று அண்ணி குறுக்கே வந்தார்.

"போதும் அண்ணி."

இன்னும் இரண்டு துண்டு வைத்தார். நான் குனிந்து சாப்பிட்டேன்.