வெள்ளைத் தண்ணீர்

மயூர் விஹாரில் மொட்டை மாடியில் நான் புதிதாக வைத்த தேனீப் பெட்டியில் எறும்பு ஏறியது. நேற்று பெட்டியின் நான்கு கால்களையும் பினாயில் கலந்த தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். இன்று காலை அந்த வெள்ளைத் தண்ணீரில் தேனீக்கள் செத்து மிதந்தன.

சின்ன வயதில் நாங்கள் இருந்த லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் சமையலறை அலமாரிக்கு அம்மாவும் இப்படித்தான் வைப்பாள். ஒரு மதியம் இரண்டு வயதுத் தம்பி அந்தத் தண்ணீரைப் பால் என்று குடித்துவிட்டான்.

"உப்புத் தண்ணி குடுங்க சிஸ்டர், வாந்தி வந்துரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நர்ஸான அம்மா தம்பியைத் தூக்கினாள். "ஒண்ணும் குடுக்கக் கூடாது. ஜல்தி, ஆட்டோ பாருங்க."

தம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா நான்கு கிண்ணங்களையும் கொட்டினாள்.

"சீனிய எறும்பே தின்னுட்டுப் போகட்டும்."

இன்று நானும் கொட்டினேன். எறும்புகள் உடனே பெட்டியின் காலில் ஏறத் தொடங்கின.