கராஜ் காவல்காரி ஒசாகாவுக்குப் போனது

ஓக்லாந்தில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் கராஜுக்குள் இருப்பார்கள், பெண்கள் ஹோலுக்குள் இருப்பார்கள். கராஜில் போத்தலும் பொரித்த இறைச்சியும். ஹோலில் பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளும் அடுத்தவர் வீட்டுப் புதினமும். நடுவில் இருக்கிற கதவில் பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் நின்றேன். "சோறு ஆறுது, வாறியளோ இல்லையோ?" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், உள்ளே சிரிப்பு நின்றுவிடும், போத்தல்கள் கதிரைக்குக் கீழே போய்விடும். ஞாயிறுகளில் தமிழ் வகுப்பும் எடுப்பதால் எல்லோருக்கும் நான் ரீச்சர். அவர்களுடைய பயத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நான் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

2016இல் எங்கள் திருமணத்துக்கு இருபத்தைந்து வருடமானதும் மகள் ஜப்பான் பயணம் ஒழுங்கு செய்தாள். ஒசாகாவில் ஒரு மாலை, வழிகாட்டியோடு மூன்று குடிக்கடைகளுக்கு நடந்து போகிற சுற்றுலாவும் அதில் சேர்த்தி. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அன்று பகல் முழுக்கக் கோயில் படிகள் ஏறி இறங்கியதில் என் புருஷனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "என்னால ஏலாது, நீரும் விடும்" என்று சொல்லிக் கட்டிலில் சரிந்தவர் ஐந்தரைக்கே குறட்டை விட்டார். பிள்ளையின் காசு வீணாகக் கூடாது என்று நான் தனியே புறப்பட்டேன். இது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அத்தனை வருடம் கதவில் நின்றவளுக்கு, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை.

வழிகாட்டி ஒரு இளம்பெண், கையில் சின்னக் கொடி. என்னோடு இரண்டு கனடாக்காரர்கள், ஒரு ஜெர்மன் சோடி. நான் போட்டிருந்தது காற்சட்டைதான், ஆனால் சேலை கட்டினவள் போலவே நின்றேன். முதல் கடையில் தோடம்பழச் சாறு கேட்டேன். மற்றவர்கள் கிளாசை உயர்த்தி "கன்பாய்" என்று கத்தியபோது, சோதனை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கிறவள் மாதிரி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கடையில்தான் பிழை விட்டேன். வெறும் வயிற்றில் குடிக்கிறார்களே என்று, கைப்பையில் கிடந்த பருத்தித்துறை வடையை எடுத்து எல்லோருக்கும் நீட்டினேன். வீட்டில் நானே பொரித்து, உடையாமல் கொண்டுபோன தட்டை வடை. வழிகாட்டியின் முகம் வெளிறிப்போனது. வெளிச் சாப்பாட்டைக் கடைக்குள் எடுப்பது பெரிய அவமரியாதையாம். அடுப்படியில் நின்ற கடைக்கார அம்மா நேரே என்னிடம் வந்தார். பயத்தில் அவருக்கும் ஒன்றை நீட்டினேன். கடித்தார். உறைப்புப் பிடிபட்டதும் கண் விரிந்தது. மிச்சம் முழுவதையும் வாங்கி ஒரு தட்டில் கொட்டி மேசை மேசையாகக் கொண்டுபோனார். பதிலுக்கு என் முன்னால் ஒரு கிளாஸ் வந்தது. பிளம்ஸ் பழத்து மது, ஐஸ் போட்டது. அன்போடு தந்ததைத் தள்ளக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தானே. குடித்தேன். ஊரில் குடிக்கிற நெல்லி ரசப் பானம் மாதிரி இனித்தது. இரண்டாவது கிளாசை ஒருவரும் அன்போடு தரவில்லை, நானே கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது கடையில் ஜெர்மன்காரிக்கு என் மாமியாரைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தோம். வழிகாட்டி படம் எடுத்து, தங்கள் சுற்றுலாவின் இணையப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டாள். "போடு பிள்ளை" என்று தமிழில் அனுமதி கொடுத்தேன். எட்டரைக்கு அறைக்குத் திரும்பினேன். எப்படி இருந்தது என்று காலையில் அவர் கேட்டபோது "தெருவெல்லாம் நல்ல வடிவு" என்றேன்.

ஊர் திரும்பி மூன்று கிழமை கழித்து, கிளென் ஈடனில் எங்கள் வீட்டில் இருந்து ஓக்லாந்தின் அடுத்த கோடியில் இருக்கிற பாபகூராவுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். நான் ஹோலுக்குள் நுழைந்ததும் கதை நின்றது. ஒருத்தி போனை நீட்டினாள். "ரீச்சர், இது நீங்களோ?"

நான்தான். ஒரு கையில் கிளாஸ், தலையில் யாரோ கட்டிவிட்ட துணி, கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பு. மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது விமானத்தில் வந்து எனக்கு முதலே இறங்கியிருந்தது. வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார் பாதிப்பேர் அந்த ஹோலில் இருந்தார்கள். இனி எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது? யார் அனுப்பியது என்று கேட்டேன். கராஜ்காரர்களின் போன் குழுவில் வந்ததாம். போட்டது என் புருஷன்.

கராஜ் கதவைத் தள்ளினேன். பழக்கதோசத்தில் போத்தல்கள் கீழே போயின. அவர் மட்டும் கிளாசை மறைக்கவில்லை.

"மனுசியைச் சந்தி சிரிக்க வைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"ஆர் சிரிச்சது?" என்றார். "மகள் கண்டுபிடிச்சு எனக்கு அனுப்பினவள். நீர் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டு எத்தினை வருசம். என்ர மனுசியைப் பாருங்கோ எண்டு காட்டவேணும் போல இருந்தது, போட்டனான்."

முன்பின் தெரியாத ஜெர்மன்காரியோடு சிரித்த நான், இவரோடு கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இவர் சிரிக்கிற சத்தத்தை அறிவேன், ஆனால் கதவுக்கு வெளியிலிருந்துதான். அதையும் நான்தான் ஒவ்வொரு முறையும் போய் நிறுத்தியிருக்கிறேன். படத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய வெட்கம் அப்போது வந்தது.

"இஞ்ச இருந்து என்னத்துக்கு அப்பிடிச் சிரிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். "எனக்கும் சொல்லுங்கோவன்."

பத்து ஆண்களும் இது ஏதோ பொறி என்று நினைத்து நிலத்தைப் பார்த்தார்கள். அவர் எழும்பித் தன் கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல இரும்" என்றார்.