பாணி வற்றும் வரைக்கும்

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னச் சந்தில் இருக்கிற சனம் சூசையப்பர் திருநாளுக்கு நெருப்பு மூட்டவென்று உடைந்த கதவு, கால் போன கதிரை, சந்தைப் பெட்டி எல்லாவற்றையும் மூலையில் குவித்துவிட்டது. பலேர்மோவில் ஒவ்வொரு மார்ச்சிலும் நடப்பதுதான். நேற்று நல்ல மழை. இன்று பூசை முடிந்து அந்தக் குவியலைத் தாண்டி வரும்போது ஈர மரத்தின் வாடை மூக்கில் ஏறியது. "உது எரியாது அண்ணை, புகைக்கத்தான் செய்யும். விறகெண்டால் காயோணும்" என்று அமலன் சொல்வது காதுக்குள் கேட்டது. அமலன் என் தம்பி. கனடாவில் இருந்தவன். 'இருந்தவன்' என்று எழுத எனக்கு இன்னும் கை வருகுதில்லை.

விறகைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் மன்னாரில் அடுப்படிப் பக்கமே போகாத சோம்பேறி அவன். ஆனால் கனடாவில் வாங்கிய வீட்டின் பின்வளவில் நாலைந்து மேப்பிள் மரங்கள் நின்றன. பனி உருகத் தொடங்கும் நாட்களில் அந்த மரத்தில் துளை போட்டுச் சின்னக் குழாய் செருகினால் சாறு சொட்டும். பார்த்தால் தண்ணீர்தான். அதில் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கலாம். நாற்பது வாளியை வற்றக் காய்ச்சினால் தேன் மாதிரித் தடித்து ஒரு வாளி பாணி கிடைக்கும்.

"இதென்னடா விசர் வேலை? கடையிலை போத்தல் போத்தலா விக்கிறாங்கள்தானே" என்றேன்.

"கடைப் பாணியை ஆர் காய்ச்சினது? நானோ?" என்றான். அதற்கு மேல் என்ன கதைப்பது!

அவனை நான் கடைசியாக நேரில் கண்டபோது அவனுக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. நான் இத்தாலிப் பக்கம் வந்து சேர்ந்தேன், அவன் கனடாப் பக்கம் போனான். பிறகு எல்லாம் தொலைபேசிதான். தொலைபேசியில் அண்ணன் தம்பி என்னத்தைக் கதைப்பது? "சாப்பிட்டியோ?" "ஓம்." "குளிரோ?" "ஓம், குளிர்தான்." "சரி, வைக்கிறன்." வருடக்கணக்காக இப்படித்தான் போனது. பாணி வந்த பிறகுதான் எங்களுக்கு வாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் விடிய எழும்பி நெருப்பு மூட்டுவான். அப்போது எனக்கு மத்தியானம். லிபெர்த்தா தெருவில் ஒரு சின்யோரா அம்மாவின் வீட்டில் நான் பார்க்கும் வேலைக்கு அன்று விடுமுறை. நான் வீடியோவைப் போட்டுப் போனைச் சீனி டின்னில் சாத்தி வைப்பேன், அவன் ஒரு விறகுக் குற்றியில் சாத்தி வைப்பான். சாறு வற்றுகிற வரைக்கும் கதைதான். அப்பா எங்கள் இரண்டு பேரில் யாருக்குக் கூடுதலாக அடித்தார், சைக்கிள் உண்மையில் யாருடையது, அம்மாவின் நண்டுக் கறியில் என்ன விசேஷம், எல்லாம் வந்தது. அம்மா செத்ததைப் பற்றி நாங்கள் முதன்முதலாக வாய் திறந்ததும் சாறு கொதிக்கும் அந்தப் பெரிய கிடாரத்தின் ஆவிக்கு முன்னால்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு "புகை அண்ணை" என்றான். "ஓமடா, இஞ்சையும் புகைதான்" என்றேன். என் குசினியில் அடுப்பே எரியவில்லை.

பொழுதுபட துறைமுகத்தில் கப்பல் ஊதும். "எங்கை போகுது அண்ணை?" என்பான். "நாப்போலிக்கு." "கனடாவுக்கு ஒண்டும் இல்லையோ?" ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வி, இதே பகிடி, இரண்டு பேரும் சிரிப்போம்.

கிடாரம் என்றதும் அந்த முதல் வருடக் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய பாத்திரம் வேண்டுமென்று மாதா திருநாளுக்குச் சமைக்கும் கிடாரத்தைக் கோயிலில் கேட்டு வாங்கினான். சாறு இறங்குவதோ தவக்காலத்தில். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் இனிப்புத் தொடக்கூடாது. அதனால் அவன் வீட்டில் ஒருவரும் பாணியை நாக்கில் வைக்கவில்லை. கரண்டியிலிருந்து விழும் துளியை எனக்குக் காட்டுவான். "அண்ணை, பதம் பாருங்கோ." நான் பலேர்மோவில் இருந்துகொண்டு "இன்னும் கொஞ்சம்" என்பேன். பொங்காமல் இருக்க ஒரு துண்டு தேங்காய் போடச் சொன்னதும் நான்தான். உயிர்த்த ஞாயிறன்று போத்தலைத் திறந்தார்கள். முதல் வாயிலேயே மீன் குழம்பு! திருநாளுக்கு ஆக்கின குழம்பின் வாசம் கிடாரத்தில் அப்படியே ஊறிக் கிடந்திருக்கிறது. விறகுப் புகையில் அவனுக்கு ஒன்றும் மணக்கவில்லை. "பரவாயில்லையடா, இறைச்சி இல்லைத்தானே, உதைப் பெரிய வெள்ளியும் சாப்பிடலாம்" என்றேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகுதான் அவனுடைய நெஞ்சு வருத்தம் வெளியே வந்தது. குளிரில் நாள் முழுக்க நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி மெற்றில்டா எனக்குப் போன் எடுத்து அழுதாள். "மச்சான், நீங்கள் சொன்னால்தான் கேப்பார். உதை விடச் சொல்லுங்கோ." விடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடாமல் கெதியாக முடிக்க ஒரு வழி பார்ப்போம் என்றேன். அவளும் சம்மதித்தாள்.

வந்த புதிதில் நான் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு பலகாரக் கடையின் பின்பக்கத்தில் சட்டி கழுவினவன். அங்கே திராட்சைச் சாற்றை வற்ற வைப்பது அகலமான தட்டையான தட்டில்தான். ஆழம் குறைந்து அகலம் கூடினால் ஆவி கெதியாகப் போகும். அந்தத் தட்டைக் கழுவிக் கழுவி இடுப்புப் போனதுதான் நான் கண்ட மிச்சம். "கிடாரத்தைக் கோயிலுக்குக் குடு, தட்டு வாங்கு" என்றேன். நெருப்பைச் சுற்றிக் கல் அடுக்கினான், காற்று அடங்கியது. பச்சைச் சாற்றைக் கொதியில் கொட்டினால் கொதி அடங்கிவிடும் என்று பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் சூடாக்கி வார்த்தான். இரவு வாளியை வெளியே விட்டால் மேலே ஐஸ் கட்டும். ஐஸ் வெறும் தண்ணீர், அதை எடுத்து எறிந்தான். கடைசியில் ஒரு வடிகட்டி மிஷின் வாங்கினான். சாற்றை அதற்குள் அமுக்கி விட்டால் தண்ணீர் ஒரு குழாயால் போகும், தடித்த சாறு மற்றக் குழாயால் வரும். அடுப்புக்குப் பாதி வேலைகூட இல்லை. மெற்றில்டா எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி மாளவில்லை. நானும் பெரிய இஞ்சினியர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மிஷின் வாங்கின வருடம், முதல் ஞாயிறு. நான் மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக்கூட இன்னும் கழுவவில்லை, அதற்குள் அவன் "அண்ணை, முடிஞ்சுது!" என்றான்.

"என்னடா முடிஞ்சுது?"

"பாணிதான். போத்தலிலை விட்டாச்சு."

"கெட்டிக்காரன்."

தட்டு வெறுமையாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"வேறை என்ன அண்ணை?"

"வேறை ஒண்டுமில்லை. உள்ளை போ, குளிர்."

"சரி, வைக்கிறன்."

கப்பல் ஊத இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். சும்மா எடுத்துக் கதைத்தால் யார் வேண்டாம் என்றது? ஆனால் ஆம்பிளையள் நாங்கள், கைக்கு ஒரு வேலை இல்லாவிட்டால் எங்களுக்கு வாயும் இல்லை.

சாறு முடிந்து மரத்துக் குழாய்களைக் கழற்றின அன்று அவன் போனை வைக்காமல் நின்றான். "அண்ணை, வாற வருசம் ஒரேயொரு நாள் கிடாரத்திலை காய்ச்சுவமோ? மிஷின் ஒண்டும் வேண்டாம். நான் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு காய்ச்சுறன்."

"மீன் குழம்பு வாசத்தோடையோ?"

"ஓம், எல்லாத்தோடையும். மெற்றில்டாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

வாற வருடம் அவனுக்கு வரவில்லை. டிசம்பரில், நத்தாருக்கு முதல் நெஞ்சு நின்றுவிட்டது. எனக்கு விசா கிடைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டார்கள். போனை அதே சீனி டின்னில் சாத்தி வைத்துத்தான் என் தம்பியின் பெட்டி குழிக்குள் இறங்குவதைப் பார்த்தேன். சிலுவைப்பாதைச் செபம் சொல்கிற மாதிரி முழங்காலில் நின்று பார்த்தேன். என்ன செய்ய, வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மெற்றில்டா போன் எடுத்தாள். "மச்சான், இந்த முறை மரத்தை ஒண்டும் துளைக்கேல்லை" என்றாள். அழுதாள், நானும் அழுதேன். வைத்த பிறகும் போன் டின்னில் சாய்ந்தபடி இருந்தது. நான் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. பொழுதுபட்டது. கீழே துறைமுகத்தில் கப்பல் ஊதியது. எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.