ரிப்போர்ட் நார்மல், ரத்தம் நிற்கவில்லை

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று நான் சொன்னதும் முருகேசனுக்கு முகம் மாறிவிட்டது.

"நான் இவ புருசன், சிஸ்டர். எனக்குத் தெரியாம என்னத்தக் கேக்கப் போறீக?"

"எல்லார்கிட்டயும் தனியாத்தான் கேப்போம். செத்த நேரந்தான்."

விருதுநகரில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் நான் சீனியர் நர்ஸ். ஐ.வி.எஃப். செய்துகொள்ள வரும் பெண்களிடம், ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கும் முன்பே ரத்தத்தைப் பற்றிக் கேட்டு டாக்டரம்மாவிடம் சொல்வது என் பொறுப்பு. சிலருக்கு ரத்தம் தேவையில்லாமல் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைக்கும். சிலருக்கு உறைய வேண்டிய நேரத்தில் உறையாது. கருமுட்டை எடுக்கும்போது ஊசி சினைப்பைக்குள் போய்வரும். அந்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான் காளீஸ்வரியின் கதையை எழுதுகிறேன்.

கடைசி சீட்

காளீஸ்வரிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுவது முருகேசன். கல்யாணமாகி எட்டு வருடம். கரு தங்கவே இல்லை.

கதவைச் சாத்தியபின் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன். "எல்லாருக்கும் போலத்தான்" என்றாள். விடாமல் கேட்டேன். துணி எத்தனை தடவை மாற்றுவாய், சேலை நனைந்திருக்கிறதா, பல் பிடுங்கினபோது என்ன ஆயிற்று? ஒவ்வொன்றாக வந்தது. பல் பிடுங்கிய அன்று விடிய விடிய ரத்தம் வந்திருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் கருத்த சேலைதான் கட்டுவாள். வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள், இறங்கும்போது பின்னால் ஆள் இருக்கக் கூடாது என்று.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இம்புட்டுப் போகும் சிஸ்டர். எங்க அக்காவுக்கும் அப்படித்தான்."

"அக்கா எங்க இருக்காக?"

"செத்துப்போச்சு. பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்துச்சு. பெறகு ரத்தமாப் போயி, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னாக."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

மதுரைக்கு இரண்டு தடவை

வழக்கமான உறைதல் பரிசோதனைகளை எங்கள் லேபிலேயே செய்தோம். எல்லாம் நார்மல். முருகேசன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நார்மல்னு போட்டிருக்கே. ஊசிய ஆரம்பிக்க வேண்டியதுதான?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். "இந்த டெஸ்ட்ல எல்லாக் குறையும் தெரியாதுங்க. காயம்பட்ட இடத்துல ரத்தத்த ஒட்டவைக்க வான் வில்லிபிராண்ட்னு ஒரு புரதம் இருக்கு. அது கம்மியா இருந்தாலும் இந்த ரிப்போர்ட் நார்மலா வரலாம். மதுரையில அதுக்குன்னு டெஸ்ட் இருக்கு. லேபுக்கே போயி ரத்தம் குடுக்கணும். ஹார்மோன் ஊசி போட்டா அளவு கூடிக் காட்டும். அதனால இப்பவே பாக்கணும்."

"சீசன் நேரம். வேன விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக? வேற ஊர்ல ஒரு சென்டர்ல இதெல்லாம் கேக்காமலே ஆரம்பிக்காகளாம். அங்கயே பாத்துக்கிடுதோம். எந்திரி காளீசு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எங்க அக்கா எதுல செத்தான்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இம்புட்டு வருசமா உங்க வேன்ல வாரேன். எதுக்குக் கடைசி சீட்டுல போயி உக்காருறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

"என் மேல கோவம்னு நெனச்சேன்" என்றார் முருகேசன். பிறகு அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்தபடி அவரிடமும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அந்த மனிதர் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மதுரையில எந்த இடம் சிஸ்டர்?" என்று கேட்டார்.

முதல் டெஸ்ட் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அளவு எல்லைக்கோட்டில் இருந்தது. இந்தப் புரதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள். கம்பெனியில் மறுபடி லீவு கேட்டதற்கு, "வேலைக்கு வர இஷ்டம் இருக்கா இல்லையா?" என்று போர்மேன் சத்தம் போட்டிருக்கிறார். "இருக்கு. ஆனா அன்னைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது டெஸ்டில் குறைவு தெளிவாகத் தெரிந்தது. பிறவியிலேயே, குடும்பத்தின் வழி வந்த குறை.

"இங்கன வச்சு முட்டை எடுக்க வேண்டாம்" என்று டாக்டரம்மா முடிவு செய்தார். மதுரையில் ரத்தநோய் மருத்துவர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், அந்தப் புரதத்தை முன்கூட்டியே ஊசியில் ஏற்றி, பிறகு முட்டை எடுத்தார்கள். கசிவு இல்லை. முதல் தடவை வைத்த கரு தங்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் காளீஸ்வரியே போன் செய்து, "அடுத்தது எப்ப சிஸ்டர்?" என்றாள். இரண்டாவது தடவை தங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு

பெண் குழந்தை. பிரசவமும் மதுரையில்தான். கர்ப்ப காலத்தில் இந்தப் புரதம் தானாகவே கூடும், பிள்ளை பிறந்தபின் மளமளவென்று இறங்கும். ஆபத்து வீட்டுக்குப் போன பிறகுதான். அதை முருகேசனை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தோம். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள்.

அப்படியும் ஒரு காலையில் ரத்தம் கூடியது. பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலிருந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். முருகேசன் கேட்கவில்லை. வேலைக்குப் போக ஏறி உட்கார்ந்திருந்த கம்பெனி ஆட்களை ரோட்டோரம் இறக்கிவிட்டு, மனைவியை வேனில் படுக்கவைத்து மதுரைக்கு விட்டார். வழியிலேயே எனக்கு போன். "சொன்னீகள்ல சிஸ்டர், அதேதான். நாங்க வாரோம்னு அங்கன சொல்லி வச்சிருங்க." நான் சொல்லி வைத்தேன். அவர்கள் போய்ச் சேரும்போது மருந்து தயாராக இருந்தது. சாயந்தரத்துக்குள் ரத்தம் நின்றது.

இதில் நான் கற்றது ஒன்றுதான். ரத்தத்தை மிஷினில் வைப்பதற்கு முன்னால் பெண்ணிடம் பேச வேண்டும். கூச்சப்பட்டால் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். அவள் அம்மா, அக்கா, தங்கை எல்லோரைப் பற்றியும் கேட்க வேண்டும்.

சில மாதம் கழித்துக் காளீஸ்வரி எங்கள் மையத்துக்கு வந்தாள். கூடவே பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பெண். இறந்துபோன அக்காவின் மகள்.

"இவளுக்கும் அம்புட்டுப் போகுது சிஸ்டர். பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா. மதுரைக்கு எழுதிக் குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

போகும் முன் ரத்த அளவைப் பார்த்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். அந்தப் பெண் கையை மடக்கிக்கொண்டாள்.

"அம்மா மாதிரி எனக்கும் ஆயிருமா சித்தி?"

காளீஸ்வரி இடுப்பிலிருந்த குழந்தையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"நான் செத்தா போயிட்டேன்? கைய நீட்டு."