மாமாவின் காணாமற்போன சைக்கிள்

ஓய்வுபெற்ற பொலிஸ் தலைவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். ஹெட்மாஸ்டரையோ பாங்க் மனேஜரையோ மாமனாராகப் பெற்ற சகோதரிகளே, உங்கள் பாடு எவ்வளவோ மேல்.

நிலைமை கட்டுப்பாட்டில்

என் மாமா யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கோ ஒரு சின்னத் தீவு நாட்டுப் பொலிஸில் சேர்ந்து மேலே வந்தவர். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் வெள்ளைக்கார அதிகாரிகள் பெட்டி கட்டிக்கொண்டு போக, முழுப் பொலிசும் இவர் தலையில் விழுந்தது. எல்லா நிலையங்களிலிருந்தும் ஒரே அறிக்கை: ‘நிலைமை கட்டுப்பாட்டில்.’ மாமா ஒன்றையும் நம்பவில்லை. பழைய சட்டையும் தேய்ந்த செருப்புமாய் நேரே போய், சைக்கிள் களவு போய்விட்டது என்று முறைப்பாடு கொடுப்பார். கதிரை போட்டு இருத்தி விசாரித்தவனுக்குப் பதவி உயர்வு. விரட்டினவனுக்கு இடமாற்றம்.

ஒரு சார்ஜன்ட் இவரையே பிடித்துக் கம்பிக்கூட்டுக்குள் போட்டுவிட்டானாம். “அவனை என்ன செய்தனீங்கள் மாமா?” என்று கேட்டேன்.

“உயர்த்தினன். சைக்கிள் என்ன நிறம் எண்டு ரெண்டு தரம் கேட்டவன். நான் வேணுமெண்டே ரெண்டு நிறம் சொன்னனான்.”

செவன் கிங்ஸிலிருந்து ஒருவர்

கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கோ முழங்கால் ஒப்பரேஷன். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமாவைத் தனியே விட ஏலாது. ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று, இனியும் தள்ளினால் வரிசையின் கடைசிக்குத்தான் போகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்த வெள்ளைக்கார நாட்டில், எங்கள் ஹரோ வீட்டுக்கு வந்து தங்கி மாமாவைப் பார்த்துக்கொள்ள ஒரு கேயரர் தேடினேன். மாமாவோ, தனக்குப் பிடிக்காதவர் சமைத்தாலும் தேத்தண்ணி போட்டாலும் கோப்பையைத் தொடமாட்டார்.

முதலில் வந்தவர் செவன் கிங்ஸ் என்ற ஊர்க்காரி, நல்ல அனுபவசாலி. நான் கதவைத் திறக்க, எனக்கு முன்னால் கிழிந்த கார்டிகனோடு தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார் மாமா. “பிள்ளை, என்ரை சைக்கிளைக் காணேல்லை.” அவர் மாமாவின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்து, “ஐயாவுக்கு மறதி கனகாலமோ?” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தடியை முறித்திருப்பேன். கொன்வென்ட் சிஸ்டர்மார் பழக்கிய மரியாதை கையைப் பிடித்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

மாமா சொன்னார்: “இவவை இடம் மாத்திவிடும்.”

ஃபாரஸ்ட் கேட் ஜெசிந்தா

ஒப்பரேஷனுக்கு முந்திய வாரம் வந்தவள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை, ஃபாரஸ்ட் கேட் பக்கம் குடியிருக்கிறாள். மாமாவுக்கு அதே கார்டிகன், அதே சைக்கிள் முறைப்பாடு. நான் மனதுக்குள் செபம் சொல்லத் தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மூலையில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டாள்.

“முதல்லை இருங்கோ ஐயா. என்ன நிறச் சைக்கிள்?”

“கறுப்பு.”

கோட்டைக் கழற்றிக் கொளுவினாள், கையைக் கழுவினாள், கேத்திலைப் போட்டாள். “என்ன நிறமெண்டு சொன்னனீங்கள்?”

“பச்சை.”

“அப்ப ஐயா பொய் சொல்லுறியள். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு உண்மையைச் சொல்லுங்கோ.”

மாமா கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒப்பரேஷனுக்குப் போயிட்டு வாரும் பிள்ளை. நிலைமை கட்டுப்பாட்டிலை.”

அந்த வசனத்தை மனுசன் தன் உத்தியோக காலம் முழுக்க நம்பியதில்லை என்று தெரிந்தும், அடுத்த வாரம் ஆஸ்பத்திரி போகும்வரை டாக்ஸியில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு போன முதல் மருமகள் நானாகத்தான் இருப்பேன்.