நான் நிறுத்திய மருந்து

பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங் பார்க்கிறேன். ராஜபாளையத்துப் பக்கம் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மேசை மேல் துணி ஓடும். இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, முடிச்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தாளில் குறிக்க வேண்டும். பார்க்காமலே டிக் போடுகிறவள் யாரென்று தாளைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். எல்லா டிக்கும் ஒரே சாய்வில், ஒரே மையில் வரிசையாக விழுந்திருக்கும். "ஏட்டி, இது புண்ணு மேல போடுத துணி, ஒன் வீட்டு அடுப்படித் துணியில்ல" என்று பிடித்தால், அவள் அழுகிற வரைக்கும் விடமாட்டேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட நான், என் மகனுடைய மருந்துத் தாளில் ஐம்பத்தெட்டு நாள் பொய் டிக் போட்டேன். கணக்குப் பிசகாமல், மை மாற்றி, சாய்வு மாற்றி, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி போட்டேன்.

எனக்கு ஒரே பிள்ளை. கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்தான். காலையில் காலேஜ் பஸ் தெருமுனைக்கு வருவதற்குள் டீயைக் குடித்துவிட்டு ஓடுவான். ஒருநாள் டம்ளரைத் தூக்கும்போது அவன் கை ஆடியது. டீ சட்டையில் கொட்டியது. பரீட்சைக்குக் கண்விழித்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு பேச்சு குழற ஆரம்பித்தது. நாக்கு தடித்த மாதிரி, வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசினான். காலேஜிலிருந்து போன் வந்தது. பையன் நிதானமில்லாமல் வகுப்புக்கு வருகிறான், என்னவென்று பாருங்கள் என்றார்கள்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை ஊதச் சொன்னேன். ஊதினான். ஒரு வாடையும் இல்லை. அப்படியும் நம்பாமல் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "குடிக்கலம்மா" என்று அவன் சொன்னதுகூடக் குழறிக்கொண்டுதான் வந்தது. அதற்கும் சேர்த்து ஒன்று விட்டேன். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அவன் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் மகனோடு அவர் பேசவே இல்லை.

கண் மஞ்சளான பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. இங்கே பார்த்த டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து ஈரல் டாக்டர் அம்மா ஒருவர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். அவர் என் மகனின் கண்ணை ஒரு மிஷினில் வைத்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். இருபது வருஷமாக நான் பார்த்த கண்தான், அந்த வளையத்தை மட்டும் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் இருக்கும் செம்பை ஈரல் வெளியே தள்ள வேண்டுமாம். இவன் ஈரலுக்குப் பிறவியிலேயே அது தெரியவில்லை. அதனால் செம்பு ஈரலிலும் மூளையிலும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வந்த குறை என்றார். மருந்து உண்டு, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம் என்றும் சொன்னார். நான் அந்த அறையிலேயே என் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவனை அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த மருந்து நம் பக்கத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. டாக்டர் அம்மா ஓர் ஆராய்ச்சி நடத்தினார். மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் பிள்ளைகள் படுகிற பாடு குறைகிறதா என்று பார்ப்பதுதான் அது. அதில் சேர்ந்தால் மருந்தும் பரிசோதனையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் வெறும் வயிற்றில் காப்ஸ்யூல், கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை. கொடுத்ததும் தாளில் டிக் போட வேண்டும். காலிப் பாட்டிலோடு அந்தத் தாளையும் கொண்டுவர வேண்டும்.

கையெழுத்து வாங்கும் முன் டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆரம்பத்துல நடுக்கம் கூடலாம்மா. சேர்ந்து கெடந்த செம்பு கெளம்புறப்ப சில பேருக்கு அப்படி ஆகும். பயந்துக்கிட்டு நீங்களா நிறுத்திறாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க." சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்று தலையை ஆட்டினேன். காகிதத்திலும் அது எழுதியிருந்தது. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம் அவனால் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. நாலாவது வாரம் எச்சில் வழிய ஆரம்பித்தது. தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் காலை காப்ஸ்யூல் கொடுத்த செத்த நேரத்தில் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான். அம்மா என்கிற சொல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப முயன்றான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது.

கம்பெனியில் ஒருத்தி, "ஆராய்ச்சின்னு சொல்லி நம்ம புள்ளைகள எலியாக்கிட்டாகக்கா" என்றாள். அவளைத் திட்டினேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கு முன்னால் அவன் நடந்தான், பேசினான். மருந்துக்குப் பின்னால் எச்சில் ஒழுகுகிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. டாக்டருக்குப் போன் செய்யவில்லை. செய்தால் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வார். அது தெரிந்ததால்தான் செய்யவில்லை.

மறுநாள் காலைக் காப்ஸ்யூலைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வைட்டமின் மாத்திரையை மட்டும் மகனுக்குக் கொடுத்தேன். "டாக்டர் மருந்த மாத்திட்டாகப்பா, இனி இது ஒண்ணுதான்" என்றேன். அவன் கேள்வி கேட்கவில்லை. வாயைத் திறந்தான், போட்டேன், முழுங்கினான்.

ஆராய்ச்சியை விட்டு விலகவும் மனசில்லை. விலகினால் அந்த டாக்டர் கையை விட்டுப் போய்விடுவார் என்று பயம். எனக்கு அவர் மருந்து வேண்டாம், அவர் வேண்டும். அதனால் டிக் போட்டேன். முழுக்க டிக் போட்ட தாளை யாரும் நம்பமாட்டார்கள் என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். ஆகவே இடையில் ஒருநாள் மாலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, "கல்யாண வீட்டுக்குப் போனதால் மறந்துவிட்டது" என்று பக்கத்தில் எழுதினேன். எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் போகவில்லை. இவனை வைத்துக்கொண்டு எங்கே போவது?

ஆராய்ச்சித் தாள்களைச் சரிபார்க்கிற பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் மறந்ததக்கூட மறைக்காம எழுதியிருக்கீங்களேக்கா, எல்லாரும் ஒங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றாள். நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

நிறுத்திய முதல் இரண்டு வாரம் அவன் கொஞ்சம் தெளிந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எச்சில் குறைந்தது. கையைப் பிடித்துக்கொண்டால் தெருமுனை வரை நடந்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரிய டாக்டருக்குத் தெரியாதது பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு திமிர். பொறவு கால் வீங்கியது. வயிறு உப்பியது. மஞ்சள் திரும்பி வந்தது. முன்னைவிட அடர்த்தியாக, நகம் வரைக்கும்.

ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள். இரண்டாம் நாள் போன் வந்தது. உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். அவன் அப்பா ஷிப்டில் இருந்ததால் நானே கூட்டிப் போனேன். அன்றைக்கு ஆடிப்பூரத் தேர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் எந்த வண்டியையும் விடவில்லை. ஊருக்கு வெளியே பஸ் எங்களை இறக்கிவிட்டது. ஆட்டோவும் இல்லை. அவன் என் தோளில் சாய்ந்துகொண்டான், நான் இழுத்துக்கொண்டு நடந்தேன். கூட்டம் எங்களைத் தள்ளியது. அவன் கால் பின்னி, ஒரு குடும்பத்தின் மேல் போய் விழுந்தான். அங்கே நின்ற போலீஸ்காரர், "ஏலே, தேர் அன்னைக்குமால ஊத்திட்டு வருவீய?" என்று லத்தியை ஓங்கினார்.

"எம் புள்ள குடிச்சத நீரு பாத்தீரா? ஈரல் போயி சாகக் கெடக்கான்யா, கண்ணு தெரியலயா?" என்று நான் போட்ட கூச்சலில் கூட்டமே விலகியது. அவரும் பாவம், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் வரை அவனை இன்னொரு பக்கம் தாங்கி வந்தார். நன்றி சொல்லாமலே உள்ளே போனேன். அவர் நினைத்ததையே நினைத்து அவனை முதலில் அடித்தவள் நான்தானே.

ஆஸ்பத்திரியில் அவனை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தளவாய்புரத்துக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் மகளுக்கும் இதே நோய், இதே ஆராய்ச்சி. பன்னிரண்டு வயசு இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. மருந்து ஆரம்பித்தபோது படுத்த படுக்கையாகக் கிடந்தது, அன்றைக்கு அம்மாவின் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தது. அவள் என் மகனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒங்க பையனுக்கு இந்த மருந்து சேரலயாமே. அதனால எங்க புள்ளைக்கும் நிப்பாட்டி வைக்கப் போறாகன்னு பேசிக்கிடுதாக. நெசமாக்கா?"

நான் குனிந்து மகனின் வாயைத் துடைத்தேன். மருந்து சேரவில்லை என்று என் மகன் உடம்பு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சாட்சியைப் பொய்யாக ஜோடித்தவள் நான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மாவின் முன்னால் என்னுடைய தாள்கள் விரித்திருந்தன. "மறந்த அந்த ஒரு வேளையத் தவிர விடாம குடுத்திருக்கீங்க. ஆனா மூத்திரத்துல செம்பு வெளிய வரவே இல்ல. ஈரல் இன்னும் மோசமாயிருக்கு. இவனுக்கு மருந்து கேக்கலன்னுதான் எழுதணும். இனி மாத்து ஈரல்தான் வழி. அதுக்கு சென்னைக்குப் போகணும், எப்பக் கெடைக்கும்னு சொல்ல முடியாது. மத்த பிள்ளைகளுக்கும் இது ஏன்னு தெரியுற வரைக்கும் அளவக் கூட்டாம வைக்கணும்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவருக்கே புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் குடுக்கல டாக்டர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்புட்டும் பொய். அம்பத்தெட்டு நாளா ஒண்ணுகூடக் குடுக்கல. கழிப்பறையில போட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் விரித்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு, "இன்னைக்கே திரும்ப ஆரம்பிக்கலாம். வார்டுல சேர்த்துருங்க. ஆனா ஈரல் எம்புட்டு மீளும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா. அந்த ரெண்டு மாசம் பெரிய மாசம்" என்றார். ஆராய்ச்சியில் அவனை வைத்திருப்பதா என்று மேலே கேட்க வேண்டும் என்றும், நடந்ததை நடந்தபடியே எழுதப்போவதாகவும் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

தாள் சரிபார்க்கிற அந்தச் சின்ன வயசுப் பெண் தாள்களை எடுத்து வந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சித் தாளில் எதையும் கிறுக்கி அழிக்கக் கூடாதாம். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் உண்மையை எழுதி, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. காலை, கோடு, கொடுக்கவில்லை, கையெழுத்து. மாலை, கோடு, கொடுக்கவில்லை, கையெழுத்து. வெளியே தேர் நிலைக்கு வந்த கொட்டுச் சத்தம் கேட்டது. என் கை வலித்தது. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று எழுதிக்கொண்டே போனேன்.

என் மகன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில், வார்த்தையை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கேட்டான். "மருந்து... மாத்திட்டாகன்னு... சொன்னியே?"

"ஒனக்கு வலிக்குதேன்னு செஞ்சேன் சாமி" என்றேன். அவன் மறுபடி தாளைப் பார்த்தான். நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

வார்டில் இன்றோடு பதினோராவது நாள். வயிறு இறங்கவில்லை. மஞ்சளும் இறங்கவில்லை. தளவாய்புரத்துப் பிள்ளைக்கு மருந்தை நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். காப்ஸ்யூலை நர்ஸ்தான் கொடுக்க வேண்டும் என்று முதலில் உத்தரவு. என் மகன்தான், "அம்மா குடுக்கட்டும்" என்று குழறிக் குழறிக் கேட்டு வாங்கினான். நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பாள், டிக் அவள் போடுவாள்.

அதைக் கேட்டபோது எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு உள்ளங்கையில் காப்ஸ்யூலை வைத்து நீட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆடுகிற விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, காப்ஸ்யூல் மேல் அச்சடித்திருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தான். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். தினமும் இரண்டு வேளையும் அப்படித்தான் செய்கிறான். சரியாகத்தான் செய்கிறான். நான் நீட்டியது எதுவானாலும் இத்தனை வருஷமும் பார்க்காமல் வாங்கித் தின்ற பிள்ளை அவன்.