லிப்ட்டுக்காரரின் இரண்டு கயிறுகள்

ஒற்றைக் கயிற்றில் தொங்குகிற எதையும் அவர் நம்பமாட்டார். லிப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட எண்ணெயில்தான் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தார்கள். "இது அறுந்து விழுந்துடாதே?" என்று யாராவது விளையாட்டாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது, இறங்கவேண்டிய மாடியை மறந்துவிட்டு நின்று கேட்கவேண்டியதுதான்.

"ஒரு கயிறு போனா இன்னொண்ணு தாங்கும் சார். எல்லாமே போனாலும் அடியில பிரேக் இருக்கு. அந்த பிரேக்கையும் நாங்க சும்மா விடறதில்ல, எடையை ஏத்தி இறக்கிப் பாப்போம். முதல்ல மணல் மூட்டை, அப்புறம்தான் மனுஷன். பரீட்சை பண்ணாத பிரேக் பிரேக்கே இல்ல சார், வெறும் இரும்பு."

வீட்டிலும் இதே வேதம்தான். சாவிக்கு ஒரு மறுசாவி, மறுசாவி தொலைந்தால் எடுக்க இன்னொன்று. மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கென்றே ஒரு மூக்குக்கண்ணாடி. அவர் கல்யாணத்துக்கு இரண்டு போட்டோக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தார். ஆல்பத்தில் பாதிப் படங்கள் அவர்கள் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டவை. "நல்லவேளை, பொண்டாட்டி மட்டும் ஒண்ணோட நின்னுது" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். "மறந்துட்டார் போல."

கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டதும் அவரேதான். லிப்ட்டின் மோட்டார் அறை மாதிரி அதில் எல்லாச் சக்கரத்தையும் திறந்து பார்க்கலாம் என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கும் இரண்டு கயிறு கட்டினார். இரண்டு வெளி டிஸ்க்குகள் வாங்கி, பிளாஸ்திரி ஒட்டி, ஒன்றில் 'கயிறு 1' என்றும் மற்றதில் 'கயிறு 2' என்றும் எழுதினார்.

கயிறு ஒன்று அவருடைய காலுறை டிராயரில் இருந்தது. அதைத் தினமும் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுச் சாப்பிட உட்காருவார். மதியம் சரியாக ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே விழித்துக்கொண்டு, தன்னிடம் உள்ளதையெல்லாம் அதில் நகல் எடுக்கும். கண்ணாடி பார்ப்பது போலத்தான்: கம்ப்யூட்டரில் இருப்பது டிஸ்க்கிலும் இருக்கும், கம்ப்யூட்டரில் இல்லாதது டிஸ்க்கிலும் அழிந்துவிடும். கடிதங்கள், படங்கள் மட்டுமல்ல. எழுத்தின் அளவு, திரையின் நிறம், எந்த மணிக்கு எதை ஞாபகப்படுத்தவேண்டும் என்பது வரை எல்லா அமைப்புகளும் அதில் அடக்கம்.

கயிறு இரண்டு, வீடே தீப்பிடித்தாலும் பிழைக்கவேண்டும் என்பதற்காக, மச்சான் வீட்டுச் செருப்பலமாரியில் இருந்தது. அதை அவ்வப்போது வாங்கிவந்து புதுப்பிக்கவேண்டும். ஆனால் பத்து வருடமாக அது நடக்கவில்லை. காரணம் மச்சானின் தொழில். அவன் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி என்று வருகிறவர்களிடம் முதலில் சொல்வதே, "படியேறுங்க" என்பதுதான். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டான். "லிப்ட்டுங்கறது என்ன மாமா, மனுஷனுக்குக் கால் இருக்கறதையே மறக்கடிக்கற பொட்டி." அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனவர்தான், அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவர் மனைவிக்கு அந்த ஆர்டர் வந்தது. அவள் தையற்காரி. ஆனால் இத்தனை வருடமும் அடுத்தவர் தைத்ததைச் சுருக்கியும் விரித்தும் கொடுத்தே காலம் போயிற்று. யார் பேண்ட்டோ, யார் இடுப்போ. முதல்முறையாக ஒரு நாடகப் பள்ளி, ராஜாவுக்கும் ராணிக்கும் பன்னிரண்டு போர்வீரர்களுக்கும் உடை தைக்கச் சொல்லியிருந்தது. இது சரியாக அமைந்தால் இனி அந்தப் பள்ளியின் எல்லா நாடகத்துக்கும் அவள்தான். அமையாவிட்டால் மறுபடியும் யார் இடுப்போ.

துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். மலிவான சாம்பல் துணியில் ராஜாவுக்கு ஒன்று, ராணிக்கு ஒன்று, வீரனுக்கு ஒன்று மாதிரி தைத்து, போட்டுப் பார்த்து, கழுத்து, கைக்குழி, இடுப்பு எல்லாவற்றையும் திருத்தினாள். மாதிரி உடைகள் ஒத்திகைக்கென்று பள்ளியிலேயே தங்கிவிட்டன. திருத்திய பேட்டர்ன்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை, அவற்றை அச்சடித்து நல்ல துணியில் கத்தரியை வைக்கலாம் என்று உட்கார்ந்தபோது, கம்ப்யூட்டர் உள்ளேயிருந்து 'டக், டக்' என்று கதவு தட்டிவிட்டு அடங்கிப்போயிற்று.

"என்னங்க, இது கண்ணைத் திறக்க மாட்டேங்குது."

அவர் வந்து காதை வைத்துக் கேட்டார். "டிஸ்க் போச்சு" என்றார். சொன்ன முகத்தில் துக்கத்தைக் காணோம். படித்த கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட மாணவனின் களை.

"போச்சுன்னா? என் பேட்டர்ன்?"

"நேத்து மதியம் வரைக்கும் எல்லாம் டிராயர்ல தூங்குது. புது டிஸ்க் வாங்கிப் போட்டு, அதுல இருந்து திருப்பிப் போட்டா ஆச்சு."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படித் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவர் டிராயரைத் திறந்து டிஸ்க்கை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எடுத்துவைத்ததுண்டு, நாள் தவறாமல். திருப்பிப் போட்டது ஒருமுறைகூட இல்லை. ஊரிலுள்ள பிரேக்கையெல்லாம் எடை ஏற்றிச் சோதித்தவர், சொந்த வீட்டில் வெறும் இரும்பைக் காலுறையில் சுற்றி வைத்திருந்தார்.

"மணல் மூட்டை!" என்று திடீரென்று எழுந்தார். "நல்ல டிஸ்க்கை முதல்ல தொடக் கூடாது. பழசை வெச்சு ஒத்திகை பாக்கணும். அது சரியா வந்தா அப்புறம் இது."

யாரும் குறை சொல்லமுடியாத யோசனை. அதற்காகவே பத்து வருட ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. மூச்சிரைக்க வந்து நின்றவரை மச்சான் ஏற இறங்கப் பார்த்தான்.

"வாங்க மாமா. பாத்தீங்களா, கால் வேலை செய்யுது."

"என் டிஸ்க் எங்க?"

மச்சான் தலையைச் சொறிந்தான். டிஸ்க் செருப்பலமாரியின் உள்ளே இல்லை, அடியில் இருந்தது. அலமாரிக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அதை முட்டுக்கொடுத்திருந்தான்.

"அடப்பாவி! பத்து வருஷமா இதும்மேலயா செருப்பு நிக்குது?"

"உங்க சாமான் மாமா, உறுதியான சாமான். எடுத்தீங்கன்னா அலமாரி ஆடும், சீக்கிரம் கொண்டாந்து கொடுத்துடுங்க."

வியாழக்கிழமை காலை புது டிஸ்க்கில் லினக்ஸ் ஏறியது. கயிறு இரண்டைச் செருகினார். ஒத்திகை முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடலாம் என்று கயிறு ஒன்றையும் பக்கத்திலேயே செருகி வைத்தார். பழைய நகல் முழுவதும், அமைப்புகளோடு, அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறங்கிற்று. மறுபடி திறந்தபோது திரையில் அவர்கள் மகள் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு சிரித்தாள். இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். பல்லெல்லாம் நேராகி ஆண்டுகளாகின்றன.

"வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு!" என்று அவர் கூத்தாடினார். எழுத்து மட்டும் எறும்பு எறும்பாக இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய கண்ணுக்கு வைத்த அளவு அது. தேடும் கண்ணாடியைப் போட்டு வாசிக்கும் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் கம்ப்யூட்டர் பழைய உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'பாப்பாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போ' என்று ஒரு பெட்டி எழும்பிற்று. அவர் சிரித்தபடி மூடினார். அடுத்த பெட்டி: 'மாமனார் வர்றாங்க. பஸ் ஸ்டாப்புக்குப் போகணும்.'

மனைவி கையிலிருந்த தட்டோடு நின்றாள். அவள் அப்பா போய் எட்டு வருடமாகிறது.

"அதை மூடாதீங்க" என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மணி ஒன்றாகிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தார்கள். கயிறு ஒன்றின் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்ட ஆரம்பித்தது.

"பாத்தியா? நான் ஒண்ணும் சொல்லவே இல்ல. தானா வேலை செய்யுது" என்று பெருமையாக ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்லும் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

மதியம் ஒரு மணிக்கு நகல் எடுக்கிற வேலையும் பழைய அமைப்புகளோடு சேர்ந்து திரும்பி வந்திருந்தது. கம்ப்யூட்டர் சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளையாக, தன்னிடம் இருந்த பத்து வருடத்துக்கு முந்தைய உலகத்தைக் கயிறு ஒன்றில் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. இருப்பது இருக்கும், இல்லாதது அழியும். பத்து வருடத்துக்கு முன்பு ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, வீரனும் இல்லை.

எச்சில் கையோடு பாய்ந்து வயரைப் பிடுங்கினார். விளக்கு அதற்கு முன்பே அணைந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு கயிறும் இப்ப ஒரே மாதிரி இருக்கு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ரெண்டுமே பத்து வருஷம் பழசு."

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் ஒரு கருவியை டிஸ்க்கின்மேல் ஏவிவிட்டு, அன்று முழுவதும் அதன் முன்னால் தவம் கிடந்தார். அது பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகளை வாரிக்கொண்டு வந்து கொட்டியது. லிப்ட் கையேடுகள், பல்கம்பிச் சிரிப்புகள், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவர் இரண்டு முறை எடுத்த ஒரே குடையின் படங்கள். அவளுடைய பேட்டர்ன்களில் தேறியது ராணியின் இடது கை மட்டும்.

"இதாவது கெடச்சுதே" என்றார்.

"ஆமா. ராணி வலது கையை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டான்னு சொல்லிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை மச்சான் வந்து நின்றான். "மாமா, அலமாரி ஆடுது, அந்த டப்பா வேலை முடிஞ்சுதா?" கதையைக் கேட்டதும் சிரிக்க வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

அவள் எழுந்து சாக்பீஸையும் குண்டூசிப் பெட்டியையும் பையில் போட்டாள். "டிஸ்க்குல இல்லன்னா என்ன, என் பேட்டர்ன் மூணு பேர் உடம்புமேல நடமாடிட்டுதானே இருக்கு? கிளம்புங்க. பழுப்புக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்குங்க. நீயும் வாடா."

நாடகப் பள்ளியில் போர் நடந்துகொண்டிருந்தது. நாடகத்தை நடத்தும் அம்மாள் ஒத்திகையை நிறுத்த ஒப்பவில்லை. "உடையைக் கழற்றினா நடிப்பும் கழண்டுடும். வேணும்னா, யார் செத்து விழறாங்களோ அவங்களை அளந்துக்குங்க. பிணம் எழுந்திருக்காம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

எனவே மூவரும் மேடை ஓரத்தில் காகிதத்தோடு காத்திருந்தார்கள். வீரன் முதலில் செத்தான். விழுந்த இடத்திலேயே அவனைப் புரட்டி, அடியில் காகிதத்தைச் செருகி, தையலோரமாகச் சாக்பீஸால் கோடு இழுத்தார்கள். லிப்ட்டுக்காரர் லிப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு அளவெடுக்கும் இரும்பு டேப்பை அவன் விலாவில் வைக்க, பிணம் கூசி நெளிந்தது.

"அசையாதப்பா, செத்துட்ட!" என்று மச்சான் அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த காட்சியில் ராஜா சாய்ந்தார். கடைசி வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவு எடுத்தாயிற்று. ராணிதான் தொல்லை. மணிக்கணக்கில் அழுதாளே தவிர, சாகிற வழியைக் காணோம். லிப்ட்டுக்காரர் பொறுமையிழந்து அந்த அம்மாளிடமே போனார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ராணியும் செத்துட்டா கதை இன்னும் கொஞ்சம் உருக்கமா இருக்காது?"

கடைசியில் ராணி மயக்கம்போட ஒப்புக்கொண்டாள். அது அவளுக்கே பிடித்துப்போய் நாடகத்திலும் நிலைத்துவிட்டது.

அதன்பின் வீட்டில் மெஷின் ஓய்வறியவில்லை. அவர் வெட்டினார், அவள் தைத்தாள், மச்சான் பொத்தான் கட்டினான். பன்னிரண்டு வீரர்களும் அந்த ஒரே பிணத்திலிருந்து பிறந்தார்கள். அவன் விழுந்தபோது வலது தோள் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. நாடகத்தன்று மாலை திரை விலகி, பன்னிரண்டு பேரும் அணிவகுத்து நின்றபோதுதான் தெரிந்தது. அத்தனை சட்டைக்கும் வலது தோள் இறங்கியிருந்தது. சட்டை இழுத்த இழுப்புக்கு ஆட்களும் சாய்ந்து நின்றார்கள். படையே பாரம் சுமந்து வந்தது போல.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "போச்சு. மறுபடியும் இடுப்புதான்."

"அக்கா," மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான், "பன்னெண்டு பேருக்கும் ஒரே பக்கம் தோள் எறங்கியிருக்கு! இது தொத்து நோயா என்ன?" இடைவேளையில் வீரர்களுக்குத் தன் விலாசச் சீட்டைக் கொடுக்கக் கிளம்பியவனைச் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கவேண்டியிருந்தது.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். லிப்ட்டுக்காரர் தப்பிக்க இரண்டு வழிகளைப் பார்த்து வைத்திருந்தார். ஆனால் அவள் தையற்காரியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"வாயே திறக்கலை, நின்னவுடனே தெரியுதும்மா, இது தோக்கப்போற படைன்னு! எப்படி யோசிச்சீங்க? அடுத்த நாடகமும் நீங்கதான். ஆனா அதுல படை ஜெயிக்குது. தோளை மட்டும் நிமித்திடணும்."

"நிமித்திடலாம்" என்றாள் அவள், கணவரைத் திரும்பிப் பாராமல்.

இப்போதும் கயிறு ஒன்று காலுறை டிராயரில்தான். கயிறு இரண்டு மச்சான் வீட்டு அலமாரிக் காலுக்கு அடியில்தான். அதைப் புதுப்பிக்க அவர் அடிக்கடி மூன்று மாடி ஏறிப் போகிறார். லிப்ட்டைப்பற்றியும் படியைப்பற்றியும் சண்டை போட்டுவிட்டு வருகிறார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. நினைத்தாற்போல் ஒருநாள் மனைவி முன்னறிவிப்பில்லாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரு பேட்டர்னை அழித்துவிட்டு, காப்பியோடு நாற்காலியில் சாய்ந்துகொள்வாள்.

"ஒரு காலர் காணோம். திருப்பிக் கொண்டாங்க பாப்போம்."

"என்னம்மா இது, வேணும்னே..."

"பரீட்சை பண்ணாத பிரேக்கு?"

"வெறும் இரும்பு" என்று முனகிக்கொண்டே அவர் டிராயரைத் திறப்பார். கயிற்றைச் செருகுமுன், ஒரு மணி நகல் வேலை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார். பிறகு மற்றக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்ப்பார். திரையின் ஓரத்தில் அந்தப் பெட்டி எழும்பி, மாமனார் வர்றாங்க, பஸ் ஸ்டாப்புக்குப் போகணும் என்று ஞாபகப்படுத்தும். அதை மட்டும் இருவரும் மூடுவதில்லை. அதன் இடுக்கு வழியாகவே காலரைத் தேடுவார்.